அப்ரைட் வேக்குவம் கிளீனரும் அதன் ரிவ்யூக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எது நல்ல மெஷின்?" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது "உங்கள் வீட்டுத் தரை என்ன?" கேட்டவருக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் தரை என்னவென்று சொல்லாத ரிவ்யூவும், தரை என்னவென்று கேட்காத சிபாரிசும் ஒன்றுக்கும் உதவாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து நிற்கும்.

அப்ரைட் என்றால் எது? பேட்டரியில் ஓடும் ஒல்லியான மெஷினும் அதுதானா?

கைப்பிடி, மோட்டார், தூசி சேரும் பை அல்லது டப்பா, கீழே சுழலும் உருளை பிரஷ், எல்லாம் ஒரே உடம்பாக நிமிர்ந்து நிற்பது அப்ரைட். முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். மோட்டார் பெட்டி தனியாகச் சக்கரத்தில் பின்னால் உருண்டு வர, நீளக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இழுப்பது கேனிஸ்டர். பேட்டரியில் ஓடும் ஒல்லியான வகைக்கு ஸ்டிக் என்று பெயர். அதுவும் நிமிர்ந்துதான் நிற்கிறது, அதனால் விற்பனைப் பக்கங்களில் மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகிறார்கள். ஸ்டிக்கையும் வயர் போட்ட அப்ரைட்டையும் ஒரே தராசில் வைத்து "இது கனம், அது லேசு" என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ரிவ்யூவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எனக்கு அப்ரைட் தேவையா?

சுவரோடு சுவராகக் கார்ப்பெட் போட்ட வீடு என்றால் ஆமாம். மற்ற வீடுகளுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் காற்றை உறிஞ்சித் தூசி எடுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். குதிரை வண்டியில் வைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விடும் அளவுக்குப் பெரிய இயந்திரம் அது. வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகும் வடிவத்தை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரி ஸ்பாங்ளர் செய்தார். ஆஸ்துமாக்காரர், கார்ப்பெட் கூட்டும்போது கிளம்பும் தூசியைத் தாங்க முடியாமல் ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை, ஒரு சுழலும் பிரஷ் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே பிறகு இங்கிலாந்தில் வேக்குவம் செய்வதற்கு வினைச்சொல்லாக ஆகிவிட்டது.

கவனிக்க வேண்டியது அந்தச் சுழலும் பிரஷ். கார்ப்பெட் இழைகளுக்கு அடியில் இறங்கிய மணலை வெறும் காற்று இழுத்துவிடாது, இழையைத் தட்டி மணலைக் கிளப்பிவிட்ட பிறகுதான் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். டைல்ஸிலோ மரத்தரையிலோ தட்டுவதற்கு இழையே கிடையாது. அங்கே அதே பிரஷ் மணலை உள்ளே தள்ளுவதற்குப் பதில் உங்கள் கணுக்கால் மேல் வீசும். வெறுங்காலோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புரியும். வழவழப்பான தரை அதிகம் உள்ள வீட்டுக்கு அப்ரைட் வாங்கினால், பிரஷ்ஷை மட்டும் தனியாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வாட்ஸ் அதிகமாக இருந்தால் நன்றாக இழுக்கும்தானே?

இல்லை. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ், மெஷின் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்று சொல்கிறது. சாப்பாட்டு அளவை வைத்து வேலை அளவைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்கு மேல் உள்ள வேக்குவம் கிளீனர்களை விற்பனைக்குக் கொண்டுவர முடியாமல் போனது, 2017 செப்டம்பரில் அந்த வரம்பு 900 வாட்டாக இறங்கியது. அங்கே வீடுகள் ஒன்றும் புழுதியில் மூழ்கிவிடவில்லை. காற்று போகும் பாதையையும் தரையில் உரசும் தலையையும் சரியாக வடிவமைத்தால் குறைந்த மின்சாரத்திலேயே வேலை நடக்கும்.

அப்போ கிலோபாஸ்கல் எண்ணைப் பார்க்கலாமா?

பாதி உண்மை அது. கிலோபாஸ்கல் என்பது குழாயின் வாயை முழுசாக அடைத்துவிட்டு அளக்கும் அழுத்தம். அடைத்த வாயில் காற்றே ஓடவில்லை, காற்று ஓடாமல் தூசி எங்கே நகரும்? தூசியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அழுத்தமும் வேண்டும், ஓடும் காற்றும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஏர்வாட். கணக்கு சுலபம்: கிலோபாஸ்கலை நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்பதோடு பெருக்க வேண்டும். ஒரு மெஷின் வேலை செய்யும்போது 10 கிலோபாஸ்கலில் நொடிக்கு 20 லிட்டர் இழுத்தால் 200 ஏர்வாட். இன்னொன்று 14 கிலோபாஸ்கல், ஆனால் 10 லிட்டர்தான் என்றால் 140. பெட்டியில் இரண்டாவது மெஷினின் எண் பெரிதாகத் தெரியலாம், தரையில் முதலாவதுதான் ஜெயிக்கும்.

அதிலும் அப்ரைட்டுக்கு ஏர்வாட்கூட முழுக் கதை கிடையாது, பிரஷ் செய்யும் வேலை அந்த எண்ணில் வருவதில்லை. ஆகவே எண்களை வைத்து மட்டும் இரண்டு அப்ரைட்டை ஒப்பிட்டு எழுதியிருப்பவர் பெரும்பாலும் பெட்டியின் பின்பக்கத்தைத்தான் ரிவ்யூ செய்திருக்கிறார்.

பை வைத்ததா, டப்பா வைத்ததா?

டப்பா: பை வாங்கும் செலவு இல்லை, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், ஆனால் கொட்டும்போது பாதித் தூசி முகத்தில். பை: கழற்றி அப்படியே எறிந்துவிடலாம், ஆனால் தீர்ந்தால் வாங்க வேண்டும், அந்த மாடலுக்கான பை ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். தூசி அலர்ஜி உள்ளவர் என்றால் பை. மற்றபடி இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஹெப்பா ஃபில்டர் என்று போட்டிருந்தால் போதுமா?

ஹெப்பா என்பது நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் வகை, அதற்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க வழக்கப்படி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய வழக்கில் எச்13 என்ற வகுப்பு என்றால் 99.95 சதவீதம். "ஹெப்பா மாதிரி", "ஹெப்பா தரத்துக்கு இணையான" என்று போட்டிருந்தால் இந்த எண்கள் எதற்கும் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, ஃபில்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் மெஷினின் மூடியிலும் இணைப்புகளிலும் இடுக்கு இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். மெஷின் முழுக்க சீல் செய்யப்பட்டதா என்பது ஃபில்டரின் பெயரைவிட முக்கியம். ரிவ்யூக்களில் இதை யாராவது சோதித்து எழுதியிருந்தால் அது அபூர்வமான ரிவ்யூ, பத்திரப்படுத்தி வையுங்கள்.

என் பழைய மெஷினால் சுத்தம் செய்த கார்ப்பெட்டில் புது மெஷினை ஓட்டினேன், டப்பா நிறைய அழுக்கு! இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இணையத்தில் அதிகம் வரும் ரிவ்யூ இதுதான். பெரும்பாலும் ஐந்து ஸ்டார், கூடவே டப்பாவின் போட்டோ, "இவ்வளவு நாள் இந்த அழுக்கிலா வாழ்ந்தோம்!" என்று ஒரு வரி. எழுதியவர் பொய் சொல்லவில்லை, அழுக்கும் நிஜம். ஆனால் இது எதையும் நிரூபிக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. கார்ப்பெட்டில் 100 கிராம் மணல் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். எந்த மெஷினும் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் எடுத்துவிடாது, இருப்பதில் பாதியை எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய மெஷின் 50 கிராம் எடுக்கும். மீதி 50இல் பாதியைப் புது மெஷின் எடுக்கும், டப்பாவில் 25 கிராம். உடனே "பழையது விட்டுவிட்டுப் போனதைப் புதுசு பிடித்துவிட்டது" என்கிறோம். இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் புதுசு, பின்னால் பழசு. அதே 25 கிராம் இப்போது பழையதின் டப்பாவில். இரண்டும் சமமான மெஷின்கள்தான், யார் இரண்டாவதாக ஓடுகிறாரோ அவருக்குத்தான் கைதட்டல்.

இன்னும் சொல்கிறேன், புது மெஷின் மோசமானதாக, இருப்பதில் முப்பது சதவீதத்தை மட்டும் எடுப்பதாக இருந்தாலும் 15 கிராம் வந்துவிடும். வெளிர் நிற டப்பாவில் 15 கிராம் மண்ணைப் பார்த்தால் யாருக்கும் பழைய மெஷின் மேல் கோபம்தான் வரும். வீடு வீடாக வந்து செய்துகாட்டி விற்பவர்களின் பழைய வித்தையும் இதுதான்: "உங்க மெஷினை ஓட்டுங்க, நல்லா ஓட்டுங்க, திருப்தியா? இப்ப நம்மளது." வெள்ளைத் துணியை வைத்து, அதில் பிடித்த அழுக்கைத் தரையில் வரிசையாகப் பரப்பிக் காட்டுவார்கள். அடுத்த முறை யாராவது வந்தால் அவர் மெஷினை முதலில் ஓட்டச் சொல்லி, பின்னாலேயே உங்களுடையதை ஓட்டுங்கள். அறையில் ஒரு நிமிடம் அமைதி நிலவும்.

அப்படியானால் வீட்டிலேயே நியாயமாக ஒப்பிட வழியே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். நண்பரின் மெஷினையும் என்னுடையதையும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்து பார்த்தோம். முதலில் கார்ப்பெட்டை இரண்டு மெஷினாலும் மாற்றி மாற்றி ஓட்டி, டப்பாவில் புதிதாக ஒன்றும் விழாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கார்ப்பெட்டைப் பேப்பர் டேப் ஒட்டி இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சமையலறைத் தராசில் நிறுத்த 50 கிராம் காய்ந்த மணலைத் தூவி, செருப்போடு மிதித்து உள்ளே இறக்கினோம். ஒரு பாதிக்கு ஒரு மெஷின், இரண்டுக்கும் அதே எண்ணிக்கையில் முன்னும் பின்னும். டப்பாவை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் வித்தியாசம் தெரியும்.

முதல் சுற்றில் நண்பரின் மெஷின் தெளிவாக ஜெயித்தது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு பாதிகளை மாற்றிக்கொண்டோம். இப்போது என்னுடையது முன்னால். என்னவென்று குனிந்து பார்த்தால், ஜன்னல் பக்கப் பாதியில் பல வருட நடமாட்டத்தில் இழை தேய்ந்து படுத்துவிட்டிருக்கிறது, அங்கே மணல் ஆழமாக இறங்கவே இல்லை. எந்த மெஷின் அந்தப் பக்கம் போனாலும் அதற்கே வெற்றி. இரண்டு சுற்றையும் கூட்டிப் பார்த்தால் மெஷின்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஒரே வீட்டில் ஒரே கார்ப்பெட்டின் இரண்டு பாதியே இப்படி என்றால், ஆயிரம் வீட்டு ரிவ்யூக்களின் சராசரியை என்னவென்று சொல்வது?

(மாவு, முகப்பவுடர் மாதிரி நைசான பொடியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது வேறு ரிவ்யூ.)

ஆய்வகத்தில் சோதிப்பவர்களை நம்பலாமா?

பொதுவாக நம்பலாம், குறிப்பாகச் சோதிக்கும் பொருளைத் தாங்களே கடையில் காசு கொடுத்து வாங்குபவர்களை. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், இங்கிலாந்தில் 1957 முதல் வரும் விச், ஜெர்மனியில் 1964இல் அமைந்த ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற நுகர்வோர் அமைப்புகள் எல்லாம் இந்த வகை. மெஷினைத் தயாரிப்பாளரிடமிருந்து இரவல் வாங்கினால், பொறுக்கியெடுத்த ஒன்றைத்தான் அனுப்புவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். கார்ப்பெட்டில் மணலும் டால்க் பொடியும் கலந்து தூவி, அழுத்தி இறக்கி, எவ்வளவு திரும்ப வருகிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் செய்ததன் ஒழுங்கான வடிவம்.

ஆனால் ஆய்வகச் சோதனையிலும் எதை அளக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வேக்குவம் கிளீனர்களுக்கு ஒரு ஆற்றல் லேபிள் ஒட்ட வைத்தது. அதற்கான சோதனையில் தூசிப் பை அல்லது டப்பா காலியாக இருக்கும்போது அளந்தார்கள். வீட்டில் யார் காலி டப்பாவோடு ஓட்டுகிறார்கள்? டப்பா நிறைய நிறைய இழுப்பு குறையும் மெஷினும் குறையாத மெஷினும் லேபிளில் ஒரே மாதிரி தெரிந்தன. வேக்குவம் கிளீனர் தயாரிக்கும் டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது, 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது, 2019 ஜனவரியில் லேபிள் மறைந்தது. டைசனுக்கு இதில் வியாபார ஆதாயம் இருந்தது என்பது தெரிந்ததே. அதற்காக வாதம் தப்பாகிவிடாது.

ஆய்வகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. புது மெஷினை வைத்துச் சில வாரத்தில் சோதித்து முடித்துவிடுவதால், மூன்றாம் வருடம் பிரஷ்ஷைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் என்ன ஆகும், கைப்பிடியின் கீல் ஆட ஆரம்பிக்குமா என்பது அந்தச் சோதனை மதிப்பெண்ணில் வராது. அதற்கு வருடக்கணக்காக வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கும் தகவல் வேண்டும். வாடிக்கையாளர் ரிவ்யூவின் உண்மையான இடம் அதுதான், ஆனால் அங்கேதான் எல்லோரும் மூன்றாம் நாளே எழுதிவிடுகிறார்கள்.

ஒன்றுக்கு 4.6, இன்னொன்றுக்கு 4.4. முதலாவதுதானே?

எத்தனை பேர் போட்டது என்று பாருங்கள். எளிதான ஒரு தந்திரம் சொல்கிறேன்: கிடைத்த ஓட்டுகளோடு கற்பனையாக ஒரு நல்ல ஓட்டும் ஒரு கெட்ட ஓட்டும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எட்டுப் பேரில் எட்டுப் பேரும் நல்லது என்றால் அது 10க்கு 9, அதாவது 90 சதவீதம். இருநூறு பேரில் 190 பேர் நல்லது என்றால் 202க்கு 191, 94 சதவீதத்துக்கும் மேல். நூற்றுக்கு நூறு வாங்கிய முதலாவது பின்னால் போய்விட்டது.

ஆனாலும் நான் சராசரியைப் பார்ப்பதைவிட மூன்று ஸ்டார் போட்டவர்களைத்தான் முதலில் படிப்பேன். ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபம் வந்தவரும்தான் மெனக்கெட்டு எழுதுகிறார்கள், நடுவில் உள்ளவர்கள் பேசாமல் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதையும் மீறி ஒருவர் உட்கார்ந்து மூன்று ஸ்டாருக்கு நாலு பத்தி எழுதியிருக்கிறார் என்றால், அவருக்கு எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

ஒரு ஸ்டார் ரிவ்யூக்களை ஒதுக்கிவிடலாமா?

பார்சல் நசுங்கி வந்தது, டெலிவரி தாமதம், கலர் போட்டோவில் பார்த்த மாதிரி இல்லை, இதையெல்லாம் ஒதுக்குங்கள். ஒரே உறுப்பைப் பற்றிப் பலர் புகார் செய்தால் நின்று படியுங்கள். "ஆறு மாதத்தில் ஹோஸ் விரிசல்" என்று ஒருவர் சொன்னால் அது அவர் கைராசி, இருபது பேர் சொன்னால் அது ஹோஸின் குணம்.

"இழுப்பு போய்விட்டது" என்பதை மட்டும் சந்தேகத்தோடு படியுங்கள். பத்தில் ஏழெட்டுத் தடவை அது ஃபில்டர் அடைப்பு அல்லது குழாயின் வளைவில் சிக்கிய காலுறை என்பது என் ஊகம். "பிரஷ் சுற்றவில்லை" என்பதும் அப்படியே. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால் நீள முடி உருளையின் மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் நூல், அதன் மேல் இன்னும் முடி என்று ஒரு கதிர் மாதிரி திரண்டிருக்கும். நிறைய உருளைகளில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், கத்தரியின் ஒரு அலகை அதில் நுழைத்து வெட்டிக்கொண்டே போனால் தோல் உரிவதுபோலக் கழன்று வரும். அதைச் செய்யாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ரப்பர் கருகும் வாடை வரும், பெல்ட் போய்விட்டது. இதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியுமா? முடியும், முடி சுற்றாத உருளை என்று விளம்பரம் செய்திருந்தால்.

இலவசமாக மெஷின் வாங்கிக்கொண்டு எழுதுபவர்கள் எல்லாம் பொய்யர்களா?

இல்லை. அவர்களில் சிலர் மற்றவர்களைவிட விவரமாக எழுதுகிறார்கள். பிரச்சினை பொய்யில் இல்லை. இலவசமாக வந்த பொருளில் ஏமாந்த உணர்வு வராது, சேமித்து வாங்கியவருக்கு வரும். அடுத்த மெஷினும் வர வேண்டும் என்ற நினைப்பு பேனாவை மெல்லத் தடவிக்கொடுக்கும். அப்புறம், பத்து மெஷின் வீட்டில் இருப்பவர் ஒன்றையும் ஒரு வருடம் ஓட்டப் போவதில்லை. இலவசம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், முதல் வாரத்துத் தகவலுக்காகப் படியுங்கள், உழைக்குமா என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது.

"சிறந்த பத்து அப்ரைட்கள்" என்ற பட்டியல்களில் வேறொரு கோணல். கீழே உள்ள லிங்க்கை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். அங்கே யாரும் "பழைய மெஷினுக்கு ஒரு பெல்ட் மாற்றினால் போதும்" என்று எழுத மாட்டார்கள்.

போலி ரிவ்யூவுக்குச் சட்டம் ஏதும் இல்லையா?

இருக்கிறது, தாமதமாக வந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் போலி ரிவ்யூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்த விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், ரிவ்யூ எழுதியவர் உண்மையில் வாங்கியவர்தானா என்று சரிபார்க்கிறோமா, எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதை விற்பவர் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய ரிவ்யூக்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர வரையறையை வெளியிட்டது.

போலியாக எழுதுவது ஒருவகை, உண்மையாக எழுதியதை மறைப்பது இன்னொரு வகை, இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் நாலு ஸ்டாருக்குக் குறைந்த ரிவ்யூக்களைத் தளத்தில் வெளியிடாமல் நிறுத்திவைத்தது என்று அதே அமெரிக்க ஆணையம் குற்றம்சாட்டியது, 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசமானது. படிப்பவர் கண்ணுக்கு அங்கே ஒரு பொய்யான வரிகூடத் தெரிந்திருக்காது.

சத்தம், எடை?

டெசிபல் கணக்கு நம் சாதாரணக் கணக்கு மாதிரி ஏறாது. 70க்கும் 80க்கும் வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும், காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். எடையில், பெட்டியில் போட்டிருக்கும் கிலோவைவிட மாடிப்படியில் எந்த இடத்தைப் பிடித்துத் தூக்குவது என்பது முக்கியம். முடிந்தால் கடையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் நியாயமாக ரிவ்யூ எழுதியிருக்கிறீர்களா?

இல்லை. ஒரே மெஷினுக்கு இரண்டு ரிவ்யூ எழுதினேன், இரண்டும் அநியாயம்.

வாங்கிய மூன்றாம் நாள் ஐந்து ஸ்டார், டப்பா போட்டோவோடு. மேலே நான் கிண்டல் செய்த அதே ரிவ்யூ. ஏழு மாதம் கழித்து இழுப்பு குறைந்தது, வாடை வேறு. உடனே அதைத் திருத்தி ஒரு ஸ்டார் ஆக்கி, "ஏமாற்று வேலை" என்று எழுதிவிட்டேன். நடந்தது என்னவென்றால், ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லியிருந்தார்கள், நான் ஏழு மாதத்தில் ஒரே ஒருமுறை கழுவினேன், அதையும் ராத்திரி கழுவிக் காலையில் ஈரத்தோடு மாட்டினேன். முழு ஒரு நாள் காய வேண்டும் என்று கையேட்டில் படத்தோடு போட்டிருந்தது. ஈர ஃபில்டரில் தூசி சேறாக ஒட்டி, காயாத துணி மாதிரி நாறியது. ஐந்தும் ஒன்றும் சேர்ந்தால் சராசரி மூன்று, அதுவும் அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்போ நியாயமான ரிவ்யூ எப்படி இருக்கும்?

கடைசியில் நான் திருத்தி எழுதியது இது: "இரண்டு அறையில் குட்டை இழைக் கார்ப்பெட், மீதி டைல்ஸ். நீள முடி உள்ளவர்கள் இரண்டு பேர், பூனை ஒன்று. வாரம் இரண்டு தடவை, பதினான்கு மாதமாக ஓட்டுகிறேன். இதற்கு முன் பத்து வருடப் பழைய கேனிஸ்டர். கார்ப்பெட்டில் அதைவிட நன்றாக இருக்கிறது. டைல்ஸில் பிரஷ்ஷை நிறுத்தாவிட்டால் மணலைச் சிதறடிக்கிறது. சோபாவுக்கு அடியில் நுழையாது. மாதம் ஒருமுறை முடி வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. பெல்ட் ஒருமுறை மாற்றினேன், தவறு என்னுடையது. ஃபில்டரை முழுசாகக் காயவிடுங்கள். சொந்தக் காசில் வாங்கினேன்." நாலு ஸ்டார் போட்டேன், மூன்றரை போட இடமிருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

கோபத்தில் எழுதிய ஒரு ஸ்டாருக்கு ஒரே வாரத்தில் பதினேழு பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருந்தார்கள். இதற்கு இதுவரை இரண்டு பேர், அதில் ஒருவர் அந்த நண்பர்.